மலையக ரோட்டில் சண்டைக்கு வரும் ட்ரைவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் வாகனம் ஓட்டப் பழக்குகிறவன் நான். லைசன்ஸ் எடுக்கும் வரை பிள்ளைகள் கேட்பதெல்லாம் கிளட்ச், ரிவர்ஸ், மேட்டில் நிறுத்தி எடுப்பது பற்றித்தான். லைசன்ஸ் கைக்கு வந்து சில மாதம் போனதும் கோல் எடுத்துக் கேட்பது வேறு: "சேர், இன்னைக்கு ஒருத்தன் குறுக்க நிப்பாட்டி அடிக்க வந்துட்டான்." இதற்குப் பாடமும் இல்லை, பரீட்சையும் இல்லை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

பின்னால ஒட்டிக்கிட்டு ஹோர்ன் அடிச்சிக்கிட்டே வாரான். நான் வேகத்தைக் கூட்டணுமா?

கூட்டாதீர்கள். கினிகத்தேனை தாண்டி வட்டவளைக்கு ஏறும்போது ஒரு வளைவு முடியும் முன்னே அடுத்தது வந்துவிடும். பழகாத வேகத்தில் அதற்குள் நுழைந்தால் பின்னால் வருகிறவனைப் பற்றி யோசிக்கவே நேரம் இருக்காது. கோபத்தில் பிரேக்கைத் தட்டிக் காட்டுவதும் வேண்டாம். ஈர ரோட்டில் அவன் வந்து இடித்தால் முன்னால் தள்ளப்படுவது நீங்கள்தான்.

அதே வேகத்தில் போய், அகலமான இடம் கிடைத்ததும் இடது சிக்னல் போட்டு ஒதுங்குங்கள். பஸ் நிற்கும் இடம், தேத்தண்ணிக் கடை வாசல், ஃபக்டரி கேட், தோட்டத்து ரோடு பிரிகிற வாய், எதுவும் சரி. புல் முளைத்த ஓரத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இறக்காதீர்கள். புல்லுக்கு அடியில் பாதி இடங்களில் தண்ணீர் ஓடும் கான் இருக்கும், மழைக் காலத்தில் விளிம்பு மண்ணும் இளகியிருக்கும். இன்னொன்று, கையை ஆட்டி "போ, போ" என்று காட்டாதீர்கள். நீங்கள் காட்டியதை நம்பி அவன் வெளியே எடுக்கும் நேரத்தில் வளைவில் பஸ் வந்தால் என்ன ஆகும்? சிக்னலைப் போட்டு ஒதுங்குவது உங்கள் வேலை. எப்போது முந்துவது என்பதை அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

இடம் குடுத்தா நான் பயந்துட்டேன்னு நெனைப்பானே?

நினைக்கட்டும். ரெண்டு வளைவு தாண்டினால் அவனுக்கு உங்கள் வண்டியின் நிறம் கூட ஞாபகம் இருக்காது.

அவன் ஹெட்லைட் அடிச்சான், நானும் திருப்பி அடிச்சேன். அதுல என்ன தப்பு?

நானுஓயா, லபுக்கலைப் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் பெரிய லைட் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு கூடத் தெரியாது. மூட்டம் இல்லாத இரவில் எதிரே வருகிறவனுக்குக் கண் கூசும், அவனுக்கு இடது பக்கம் பள்ளமாக இருக்கலாம். கண் தெரியாத ட்ரைவரை உங்களை நோக்கி வரவைப்பதில் என்ன லாபம்?

ஹோர்னும் அப்படித்தான். கண் தெரியாத வளைவுக்கு முன் சின்னதாக ஒரு தட்டுத் தட்டுவது நம் ஊர் மரியாதை. கையை எடுக்காமல் அழுத்தினால் அது சண்டைக்கு அழைப்பு. விரல் காட்டுவது, கண்ணாடியை இறக்கி ஏசுவது எல்லாமே அதே கணக்குத்தான். பதில் கிடைக்காத கோபம் சீக்கிரம் அடங்கும்.

ஒடுக்கமான ரோட்டுல எதிர்ல வந்து நிக்கிறான். ரிவர்ஸ் எடுக்க மாட்டேங்கிறான். யார் எடுக்கணும்?

ஏறி வருகிற வண்டிக்கு இறங்கி வருகிற வண்டி இடம் விட வேண்டும். லைசன்ஸ் பரீட்சைக்குப் படித்ததுதான். ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுப்பது சிரமம், பாரம் ஏற்றிய வண்டி என்றால் இன்னும் மோசம், பின்னால் உருளவும் பார்க்கும். ஆகவே நீங்கள் இறக்கத்தில் வந்தால், எதிர் வண்டியைத் தூரத்தில் கண்டதுமே அகலமான இடத்தில் காத்திருங்கள். மூக்கோடு மூக்கு முட்டிய பிறகு விதி பேசுவதை விட இது சுலபம்.

முட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். அப்போது விதியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், ஒதுங்குவதற்கு யாருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று பாருங்கள். எதிரே நிற்பது ஆட்கள் நிறைந்த பஸ் என்றால், காரில் வந்த நீங்கள் பின்னால் எடுப்பதுதான் புத்தி, நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும். தனியாக எடுக்காதீர்கள். கூட வந்தவரை இறக்கி, மலைப் பக்கமாக, உங்கள் சைட் மிரரில் தெரிகிற மாதிரி நிற்கச் சொல்லுங்கள். பள்ளத்துப் பக்கமோ வண்டிக்கு நேர் பின்னாலோ நிற்க விடாதீர்கள். பஸ் கண்டக்டர் இறங்கி வந்து "வா, வா, ஒடி" என்று கை காட்டினால் கௌரவம் பார்க்காமல் கேளுங்கள். தினமும் அந்த ரோட்டில் அதே வேலையைச் செய்கிற ஆள் அவர்.

2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் (ரோட்டோரத் தூரக் கல்) பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது ஞாபகம் இருக்கும். மேலே இருந்து விழுந்த பெரிய கல் ரோட்டில் பாதியைப் பிடித்திருந்த இடம் அது. எதிரே டிப்பர் வந்தது. அந்த மாதிரி இடத்தில் யார் முதலில் போவது என்ற கேள்விக்கே நான் இடம் வைப்பதில்லை. மண்சரிவோ கல்லோ ரோட்டைக் குறுக்கியிருந்தால், எதிரே லைட் தெரிந்ததும் தூரத்திலேயே நின்றுவிடுவேன்.

ரெண்டு பஸ் ரேஸ் ஓடுது. நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்.

அவர்கள் ஓடுவது அடுத்த ஹோல்ட்டில் நிற்கிற ஆட்களுக்காக, கலெக்ஷனுக்காக. உங்கள் மேல் அவர்களுக்குத் தனிக் கோபம் எதுவும் இல்லை, ஆனால் நடுவில் இருந்தால் நசுங்குவது நீங்கள். முதல் கேள்வியில் சொன்ன மாதிரி ஒதுங்கி, ரெண்டு பஸ்சும் போகும் வரை நில்லுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு ரோட்டுக்கு ஏறினால் இரண்டாவது பஸ் உங்கள் பின்னால் பேய் மாதிரி வரும்.

நம்பரையும் ரூட்டையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் தனியார் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955க்குச் சொல்லலாம். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் என்றால் டிப்போ பெயரைப் பார்த்து அந்த டிப்போவுக்கே சொல்லுங்கள்.

முந்திப் போய் குறுக்க நிப்பாட்டிட்டு இறங்கி வாரான். நான் என்ன செய்யணும்?

இறங்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைப்பதென்றால் இதை வையுங்கள். இறங்கிவிட்டால் ரோட்டோரத்தில், ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் வண்டி போகிற இடத்தில், கோபமாக இருக்கிற ஒருத்தனோடு நிற்பீர்கள். தள்ளுமுள்ளு வந்தால் ஒரு அடி பின்னால் வைக்கவும் இடம் இருக்காது.

கதவுகளைப் பூட்டுங்கள். கண்ணாடியை ஒரு விரல் அகலம் மட்டும் விடுங்கள், பேச்சு கேட்க அது போதும், கை நுழையாது. எஞ்சின் ஓடட்டும். ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரியட்டும். சீட்டுக்கு அடியில் குனிந்து எதையாவது தேடினால் ஆயுதம் எடுக்கிறீர்கள் என்று நினைப்பான். கண்ணோடு கண் வைத்து முறைக்க வேண்டாம். "சரி அண்ணே, விடுங்க, போகலாம்" என்று அதே வார்த்தையைத் தணிந்த குரலில் ரெண்டு மூன்று முறை சொல்லுங்கள். யார் மேல் பிழை என்று விளக்கப் போகாதீர்கள். அந்த நேரம் அவனுக்குக் கணக்கு ஏறாது.

போகிற மாதிரித் தெரியவில்லை என்றால் 119க்கு எடுத்து ஸ்பீக்கரில் போடுங்கள். பொலிசோடு பேசுவது கேட்டாலே பாதிப் பேர் வண்டியில் ஏறிவிடுவார்கள். இடத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "ஹட்டன் ரோடு" என்றால் எங்கே என்று தேடுவது? எத்தனையாம் கட்டை, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், பக்கத்தில் கோயிலா ஃபக்டரியா என்று சொல்லுங்கள். எதிர்முனையில் சிங்களம் மட்டும் பேசினால் தமிழ் தெரிந்தவரைக் கேளுங்கள்.

முன்கூட்டியே பழக வேண்டிய ஒன்றும் உண்டு. யாருக்குப் பின்னால் நிறுத்தினாலும், அவன் வண்டியின் பின் டயர் ரோட்டைத் தொடுவது உங்கள் சீட்டில் இருந்து தெரிகிற அளவுக்கு இடைவெளி விடுங்கள். அவ்வளவு இடம் இருந்தால் ரிவர்ஸ் போடாமலே வெட்டி வெளியே எடுக்கலாம். இருட்டில், வளைவில், பதற்றத்தில் ரிவர்ஸ் எடுத்து ஓடப் பார்ப்பது அவனை விட ஆபத்து. அவன் நேராக முன்னால் நின்றால் வண்டியை அவன் மேல் நகர்த்தி மிரட்டவும் கூடாது. ஒரு அங்குலம் தட்டினாலும் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

எனக்கு மோட்டார் சைக்கிள். கதவே இல்ல, எதைப் பூட்டுறது?

ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். பேச்சுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று கழற்றுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. அடி விழுந்தால் தலை தப்ப வேண்டாமா? நிறுத்தாமல் ஆட்கள் இருக்கிற இடம் வரை போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் சாவியை எடுத்துப் பையில் போட்டு, உங்களுக்கும் அவனுக்கும் நடுவே சைக்கிள் இருக்கிற மாதிரி, மலைப் பக்கமாக நில்லுங்கள்.

ஓட்டோக்காரர்களுக்கும் இதேதான். நிலைமை மோசமானால் வண்டியை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்கோ லயத்துக்கோ (தோட்டத்து வரிசை வீடுகள்) நடந்துவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் மாற்றலாம். ஓட்டோவில் ஹயர் ஏற்றியிருந்தால் முதலில் அவர்களை இறக்கி அந்தப் பக்கம் அனுப்புங்கள்.

அவன் சிங்களத்துல கத்துறான். எனக்கு சரியாப் பேச வராது.

நாலு வார்த்தை போதும். "சமாவென்ன அய்யே" என்றால் மன்னியுங்கள் அண்ணே. "அவுலக் நே" என்றால் பிரச்சினை இல்லை. "பொலிஸியட்ட கதா கரமு" என்றால் பொலிசுக்குப் பேசுவோம். கடைசியானதை மிரட்டலாக இல்லாமல், ரெண்டு பேருக்கும் நல்லது என்கிற தொனியில் சொல்ல வேண்டும். அரைகுறையாக நீளமாகப் பேசப் போனால் நீ, நீங்கள் மாறிப்போய் அதுவே புதுச் சண்டையாகும்.

பேச்சு இனத்துக்கும் தோட்டத்துக்கும் திரும்பினால் பதில் சொல்லாதீர்கள். சொன்ன வார்த்தையை அப்படியே ஞாபகம் வைத்து முறைப்பாட்டில் சொல்லுங்கள். ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும்: ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வருகிற வெளியூர் வண்டிகளைப் பார்த்து நம் பொடியன்கள் கத்துகிற கத்தும் குறைந்தது இல்லை.

மன்னிப்பு கேட்டா பிழை என் மேலன்னு ஆகிடாதா?

வாயால் "சொரி" சொல்வது மரியாதை. காகிதத்தில் "பிழை என்னுடையது, இவ்வளவு தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்து வைப்பது வேறு. முதலாவதைத் தாராளமாகச் செய்யுங்கள், இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

கண்ணாடி உரசிடுச்சு. "இருபதாயிரம் குடு, இல்லாட்டி சாவியைத் தா"ங்கிறான்.

சாவியையும் கொடுக்க வேண்டாம், லைசன்சையும் கொடுக்க வேண்டாம். லைசன்சைக் கேட்டு வாங்க பொலிஸ் அதிகாரிக்குத்தான் அதிகாரம். உங்கள் சாவியைப் பிடுங்கி வைத்தால், வழியை மறித்தால், அது அவன் செய்கிற குற்றம்.

போட்டோ எடுங்கள்: ரெண்டு வண்டியும் ஒரே படத்தில், நம்பர், டயர் நிற்கிற இடம், உரசின இடம். அப்புறம் உங்கள் இன்சூரன்ஸ் அட்டையில் இருக்கிற நம்பருக்கு எடுங்கள். "இன்சூரன்ஸ் ஆள் வரட்டும், அவர் சொல்றபடி செய்வோம்" என்பதற்கு மேல் பேச வேண்டியதில்லை. யாருக்காவது காயம் என்றால் பேரமே கிடையாது. 1990க்கு எடுத்து அம்புலன்சை வரவையுங்கள், பொலிசுக்கும் அறிவியுங்கள். காயம் பட்டவரை விட்டுப் போவது பெரிய வழக்கு.

சிலசமயம் அவனுடைய ஓட்டோ பார்க் ஆட்கள் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். அப்போது நின்று பேசுவதில் அர்த்தமில்லை. "பொலிசுக்கே போவோம், அங்க பேசுவோம்" என்று சொல்லிவிட்டு, சொன்ன மாதிரியே நேராகப் பொலிசுக்குப் போங்கள்.

விடாம பின்னாலயே வாரான். வீட்டுக்குப் போயிடலாமா?

வீட்டுக்குப் போனால் வீட்டைக் காட்டிக் கொடுக்கிறீர்கள். தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான டிவிஷன்களுக்கு உள்ளே போக ஒரே ரோடு, அதுவும் லயத்தோடு முடிந்துவிடும். அவன் வாயில் நிறுத்தினால் நீங்கள் வெளியே வர வழியில்லை.

டவுனுக்குப் போங்கள். பொலிஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி வாசல், பெற்றோல் ஷெட், பஸ் ஸ்டாண்ட், இந்த வரிசையில். வேகம் கூட்டி அவனை உதறப் பார்க்காதீர்கள், வழக்கமான வேகமே போதும். போன் சிக்னல் எங்கே விழும், எங்கே மறுபடி வரும் என்று நீங்கள் தினமும் போகிற ரோட்டிலாவது தெரிந்து வைத்திருங்கள். மலை மறைக்கிற இடத்தில் 119 அடித்துக்கொண்டே இருந்து பயனில்லை. சிக்னல் கிடைக்கிற முனை வரை போய் எடுங்கள்.

ராத்திரியில தனியா வாரேன், பொம்பளப் பிள்ளை. கடை எல்லாம் பூட்டியிருக்கு.

தேயிலை ஃபக்டரியைப் பாருங்கள். வேலை நடக்கிற நாட்களில் இரவிலும் லைட் எரியும், கேட்டில் காவலாளி இருப்பார், உள்ளே ஆட்கள் இருப்பார்கள். கேட் வரை போய் லைட்டை அணைக்காமல் ஹோர்ன் அடியுங்கள். இங்கே விடாமல் அடிக்கலாம், முன்பு சொன்ன மரியாதை இதற்குப் பொருந்தாது.

பின்தொடர்வது, ஆபாசமாகப் பேசுவது என்று போனால் முதலில் 119. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று ஆலோசனை வேண்டுமானால் பெண்களுக்கான 1938 இருக்கிறது. "ராத்திரி ஏன் தனியா வந்தே" என்று கேட்கிற மாமாக்களுக்குப் பதில் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை.

நான் வேன்ல போற ஆள். எங்க ட்ரைவரே எதிர் வண்டியோட சண்டைக்குப் போறாரு.

சிவனொளிபாதமலை சீசனில், டிசம்பர் பௌர்ணமியில் இருந்து வெசாக் வரை, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகிற வேன்களில் இதை நிறையக் கேட்கிறேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லாத ட்ரைவர், நீண்ட வரிசை, ஒருத்தன் இடையில் நுழைக்கிறான், அவ்வளவுதான்.

ட்ரைவரை எல்லார் முன்னாலும் ஏசினால் ரோஷம் வந்து இன்னும் வேகம் கூட்டுவார். பக்கத்துச் சீட்டில் இருப்பவர் மெதுவாக, "அண்ணே, பிள்ளைக்கு வாந்தி வருது, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க" என்று சொல்லட்டும். மலை ரோட்டில் யாரும் சந்தேகப்படாத காரணம் இது. நிறுத்திய பிறகு ஒரு பிளேன்டி குடிக்க வைத்து, தணிந்ததும் பேசுங்கள். தணியவே இல்லை என்றால் இறங்கி வேறு வண்டி பிடியுங்கள், கொடுத்த காசைப் பார்க்காமல்.

அவன் போயிட்டான். ஆனா கை நடுங்குது. ஓட்டலாமா?

உடனே வேண்டாம். தண்ணீர் குடித்து, வண்டியைச் சுற்றி வந்து பாருங்கள். டயர், சைட் மிரர், நம்பர் தகடு சரியா? இறக்கத்தில் பயத்தில் பிரேக்கை மிதித்தே வந்திருந்தால் கருகின நாற்றம் அடிக்கும். ஆறவிட்டு, சின்ன கியரில் இறங்குங்கள்.

வீடியோ எடுத்து பேஸ்புக்ல போட்டா என்ன?

டேஷ் கேம் இருந்தால் அது பாட்டுக்குப் பதியட்டும். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுப்பது உங்கள் மேல் குற்றம். கூட வருகிறவர் கண்ணாடிக்கு உள்ளே இருந்து அமைதியாக எடுக்கலாம், முகத்துக்கு நேரே நீட்டி எடுத்தால் அது எண்ணெய் ஊற்றுகிற வேலை.

எடுத்ததைப் பொலிசுக்குக் கொடுங்கள். போக்குவரத்துக் குற்றங்களைப் படத்தோடு அனுப்ப பொலிஸ் 2025ல் ஈ-ட்ராஃபிக் என்ற செயலியை விட்டிருக்கிறது. பேஸ்புக் வேறு விஷயம். நம்பர் தகட்டைப் போட்டுத் திட்டினால், வண்டியை வாடகைக்குக் கொடுத்த அப்பாவி ஒருவர் வீட்டுக்கு ஆள் போகும். நாலு நிமிடச் சண்டையில் நீங்கள் பேசியதும் அதில் இருக்கும், மறக்க வேண்டாம்.

பொலிசுல என்ட்ரி போட்டா பிரயோசனம் இருக்கா? தமிழ்ல எழுதுவாங்களா?

அடித்தான், மிரட்டினான், சாவியைப் பிடுங்கினான், வண்டியை உடைத்தான் என்றால் கட்டாயம் போடுங்கள். சும்மா ஹோர்ன் அடித்துவிட்டுப் போனதற்கு நான் போக மாட்டேன். போகும் முன் நம்பர், வண்டியின் நிறம், இடம், நேரம், அவன் சொன்ன வார்த்தை, பார்த்தவர்கள் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதுங்கள். மறுநாள் பாதி மறந்திருக்கும்.

தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று, 1987ல் வந்த 13ஆவது திருத்தத்தில் இருந்தே. தமிழில் சொல்கிறேன் என்று கேட்பது உங்கள் உரிமை. தமிழ் எழுதத் தெரிந்தவர் டியூட்டியில் இல்லை என்பார்கள், அது நடக்கிறதுதான். அப்படியானால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்து, எழுதியதை வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லி, அப்புறம் கையெழுத்து வையுங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சின்னக் கைகலப்பு, சின்னச் சேதம் என்றால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகாமல் மத்தியஸ்த சபைக்கு வரலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சபைகள் அவை. வக்கீல் தேவையில்லை, ரெண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். சேதத்துக்குக் காசும், நேருக்கு நேர் ஒரு மன்னிப்பும் அங்கே கிடைப்பதுண்டு. கடிதம் வந்தால் "அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று இருந்துவிடாமல், போட்டோவையும் கராஜ் பில்லையும் எடுத்துக்கொண்டு சொன்ன நாளில் போங்கள்.